ஜிமெயிலை விட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்களா?

தம்பி, பிராங்பர்ட் வந்து மூன்று மாதத்தில் இந்தக் கேள்வி வந்துவிட்டதென்றால், பக்கத்து மேஜையில் விவரமான ஜெர்மன்காரர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். ஜிமெயிலை அமெரிக்க அரசு பார்க்கும், இங்குள்ள மெயிலுக்கு மாறு என்கிறார். மாறினால் அப்புறம் யாராலும் பார்க்க முடியாதா என்று கேட்கிறீர்கள்.

அவர் சொல்வதில் முதல் பாதி வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் ஃபைசா எனும் வெளிநாட்டு உளவுச் சட்டத்தில் 2008இல் சேர்த்த 702ஆம் பிரிவு இருக்கிறது. அந்நாட்டுக்கு வெளியே உள்ள வெளிநாட்டவரின் தகவலை, ஆளாளுக்குத் தனி வாரண்ட் இல்லாமலே அங்குள்ள கம்பெனிகளிடம் உளவுத்துறை வாங்கலாம். அமெரிக்க உளவுத்துறையில் வேலை பார்த்த ஸ்னோடென் 2013இல் அம்பலப்படுத்திய பிரிசம் என்ற கண்காணிப்புத் திட்டம் இதை வைத்துத்தான் நடந்தது. நீங்களும் நானும் அந்த 'வெளிநாட்டவர்' கணக்கில்தான் வருகிறோம். சர்வர் ஐரோப்பாவில்தானே என்று சமாதானம் சொல்வார்கள். 2018இல் வந்த கிளவுட் சட்டப்படி, கம்பெனி அமெரிக்காவுக்குக் கட்டுப்பட்டதென்றால் சர்வர் எங்கே இருந்தாலும் ஆணை செல்லும்.

இரண்டாம் பாதியில்தான் நண்பர் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறார். நானே போஸ்டியோ என்ற மெயில்தான் வைத்திருக்கிறேன். பெர்லின் கம்பெனி, மாதம் 1 யூரோ, பெயர்கூடக் கேட்பதில்லை. முதல் முறை 20 யூரோ நோட்டைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். "யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்?" என்றாள் மனைவி. அந்தப் போஸ்டியோவே, ஐபி முகவரியை (நம் இணைய இணைப்பின் அடையாள எண்) நாங்கள் சேமிப்பதே இல்லை என்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற தீர்ப்பு 2019 ஜனவரியில் வெளியானது. சுவிட்சர்லாந்தின் மெயில் கம்பெனியான புரோட்டானும் 2021இல் சுவிஸ் ஆணைக்குப் பணிந்து, பிரான்ஸ் நாட்டுச் சூழல் போராளி ஒருவரின் ஐபி முகவரியைக் கொடுத்தது. கடிதங்களைக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவை பூட்டிய குறியீடாகத்தான் அங்கே இருக்கின்றன, அவற்றைத் திறக்கும் சாவி அவர்களிடமே இல்லை. என்னைக் கேட்டால், எந்த நாட்டுக் கம்பெனி என்பதைவிட அந்தச் சாவி யார் கையில் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜெர்மன் உளவுத்துறையும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில்லை. ஆனால் 2020 மே மாதம் இதே நீதிமன்றம், வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கும் இங்குள்ள அடிப்படை உரிமை உண்டு என்று சொல்லி, உளவுத்துறைச் சட்டத்தைத் திருத்த வைத்தது. நமக்கு ஓட்டு இல்லாத ஊரில் அது சின்ன விஷயமில்லை. நான் மாறியது அந்த வருடம்தான்.

இன்னொன்று. உங்கள் அப்பா ஜிமெயிலில் இருந்தால், பெர்லின் கம்பெனி மெயிலிலிருந்து நீங்கள் எழுதுவதும் கூகுளிடம்தான் போய்ச் சேரும். வீட்டுப் பேச்சுக்கு, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற சிக்னல் செயலியைப் போட்டுக்கொடுங்கள்.

மாறுவதென்றால் மாறுங்கள், ஆனால் நான் செய்த மாதிரி பழைய கணக்கை ஒரே ராத்திரியில் மூடாதீர்கள். ஊரில் என் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) அந்த மெயிலோடுதான் இணைந்திருந்தது. மாற்ற வேண்டுமென்றால் நேரில் வரச் சொன்னது வங்கி. ஒரு கையெழுத்துக்காக லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, திருச்சி போய் வந்தேன்.