பருவ வயதில் தொடங்கிய கால் வீக்கம், அம்மாவுக்கும் இருக்கிறது: மரபணுதான் காரணமா? குழந்தைக்கும் வருமா?

யானைக்கால் இல்லை என்று உறுதியான பிறகு, 15 வயதில் தொடங்கிய வீக்கம் அம்மாவுக்கும் இருக்கிறது என்றால், மரபணுக் காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் கண்ணிமையைப் பார்க்க வேண்டும்.

பருவ வயதுக்குப் பின் தொடங்கும் வகையில் முக்கியமானது ஃபாக்ஸ்சி2 மரபணுக் கோளாறு. இது இருப்பவர்களில் 100க்குச் சுமார் 95 பேருக்கு இமை விளிம்பின் உள்பக்கம், எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயிலிருந்து இன்னொரு வரிசை முடி முளைக்கும். சிலருக்கு இரண்டு மூன்று மெல்லிய முடிகள்தான், கண்ணாடியில் தெரியாது. கண் உறுத்துகிறது என்று அடிக்கடி பிடுங்கிப் போடுவார்கள், அதைக் கால் வீக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கண் மருத்துவரிடம் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்க்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. இந்த வகையில், திசுக்களில் சேரும் திரவத்தை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வால்வுகள் சரியாக மூடாததால் நிணநீர் மறுபடி கீழே இறங்கிவிடும். சிரை வால்வுகளும் இப்படியே கெடுவதால் வெரிகோஸ் சிரைகளும் பலருக்கு வரும்.

பிறந்தபோதே இரண்டு பாதமும் வீங்கியிருந்தால் மில்ராய் நோயை யோசிப்போம். அதில் எஃப்எல்டி4 மரபணு பழுதாகி, தோலின் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் திரவத்தை உறிஞ்சாமல் விட்டுவிடுகின்றன. உங்களுக்கு அது பொருந்தவில்லை.

காட்டா2 மரபணுக் கோளாறு மட்டும் தவறவிடக் கூடாதது. கால் வீக்கத்தோடு போகாத மருக்கள், திரும்பத் திரும்பத் தொற்று, காது கேட்காமை, ரத்தத்தில் மோனோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) குறைவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்த மரபணுவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்னாளில் ரத்தப் புற்றுநோயாக மாறும் ஆபத்து இதில் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால், தானம் தரும் உடன்பிறந்தவருக்கும் இதே பிழை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

ஒரே கால், கூடவே அந்தக் கால் மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கிறது, பிறவி மச்சம் போன்ற நிறத் திட்டும் இருக்கிறது என்றால் கதை வேறு. பிஐகே3சிஏ போன்ற மரபணுவில் பிழை, கருவில் சில செல்களில் மட்டும் நேர்ந்திருக்கும். ரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, பாதித்த இடத்துத் திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இது பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை.

பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனல் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்காவிட்டால் 'பரம்பரை இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். பருவ வயதில் முழங்காலுக்குக் கீழே வரும் மீஜ் நோய்க்குப் பெரும்பாலும் மரபணு இன்னும் பிடிபடவில்லை. 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தால் அம்மாவையும் சோதியுங்கள். வீக்கம் உள்ள அவரிடம் அந்த மாற்றம் இல்லையென்றால், அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஃபாக்ஸ்சி2 உறுதியானால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பிழை போக 50 சதவீத வாய்ப்பு. வீக்கம் எப்போது, எவ்வளவு வரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்திலேயே ஆளுக்கு ஆள் மாறும். பிறவி இதயக் கோளாறு சிலருக்கு இருப்பதால் குழந்தைக்கு எக்கோ எடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்கை (காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை) நிறுத்தாதீர்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் உடனே மருந்து போடுங்கள். கால் திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். இப்படி வரும் ஒவ்வொரு செல்லுலைட்டிஸும் (தோலின் ஆழத் தொற்று) மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களையும் கெடுக்கும்.