மாலை போட்டிருக்கேன் சாமி!

கேள்வி: கடவுள் பயம் போனதால்தான் நாட்டில் லஞ்சமும் பொய்யும் பெருகிவிட்டன. கடவுளே இல்லை என்று சொல்பவனை எதை வைத்து நம்புவது?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: அப்பா இறந்த வருஷம் வாரிசு சான்றிதழுக்காக ஒரு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். கார்த்திகை மாதம். ஃபைலை வைத்திருந்தவர் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம், காலில் செருப்புகூட இல்லை. மூன்றாவது முறை போனபோது வெட்கத்தை விட்டு ஐநூறு ரூபாயை மடித்து நீட்டினேன். பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். ஒரு நல்ல மனிதரை அவமானப்படுத்திவிட்டோமே என்று நான் கூசி நிற்கும்போதே மெதுவாகச் சொன்னார்: "மாலை போட்டிருக்கேன் சாமி, காசைத் தொடுறதில்ல. வாசல்ல ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட குடுத்துடுங்க." கொடுத்தேன். மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது. (கொடுத்த நானும் யோக்கியன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.)

அவருக்குக் கடவுள் பயம் இல்லை என்று சொல்வீர்களா? நாற்பத்தொரு நாள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருப்பவர். பயம் நிஜம்தான். ஆனால் ஐயப்பன் எதைப் பார்ப்பார், எதைக் கண்டுகொள்ள மாட்டார் என்ற பட்டியலை அவரே போட்டு வைத்திருந்தார். விரல் பட்டால்தான் பாவம். ஜெராக்ஸ் கடை வழியாக வந்தால் இல்லை.

நீங்கள் தஞ்சாவூர்க்காரர், கோயில் நிலங்களுக்கு நடுவில் வாழ்பவர். 'சிவன் சொத்து குலநாசம்' என்பதை விடப் பெரிய மிரட்டல் தமிழில் உண்டா? அப்படியும் 1920களில், உங்கள் கணக்குப்படி பயம் நன்றாக இருந்திருக்க வேண்டிய காலத்தில், கோயில் சொத்தைக் காப்பாற்ற நீதிக்கட்சி அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 78ஆவது பிரிவு இருக்கிறது. வளைத்துப் போட்டவர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டைக்காரர்களா?

எதை வைத்து நம்புவது என்ற உங்கள் கேள்வியை ஒரு நாடாளுமன்றமே கேட்டுப் பார்த்திருக்கிறது. 1880இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தவர் சார்லஸ் பிராட்லா. நம்ம அடையாறு அன்னி பெசன்ட், பிரம்மஞான சபைக்கு வருவதற்கு முன் இவரோடு சேர்ந்து நாத்திகம் பேசியவர்தான். கடவுள் பெயரால் சத்தியம் செய்ய முடியாது, உறுதிமொழி எடுக்கிறேன் என்றார் பிராட்லா. மறுத்தார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்று இறங்கி வந்தார். நம்பாதவன் செய்யும் சத்தியம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள். ஓர் இரவு பாராளுமன்ற மணிக்கூண்டில் அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்ப, 1886இல்தான் உட்கார இடம் கிடைத்தது. வந்த முதல் நாளே வாயைத் திறக்காமல் சத்தியத்தை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மனதில் இருந்ததை வெளியே சொன்னதுதான் அவர் செய்த குற்றம். 1891இல் அவரை அடக்கம் செய்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் போயிருந்தார்.

அதற்காக நாத்திகர் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு வீட்டில் மருமகளிடம் நகைக் கணக்குக் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பதவியேற்கும்போது 'கடவுள் மீது ஆணையாக' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம் என்று நம் அரசியல் சாசனம் இரண்டுக்கும் இடம் தந்திருக்கிறது. ஊழல் வழக்கு இரண்டு தரப்பையும் தேடி வந்திருக்கிறது.

என் அப்பத்தா களை பறித்த ஆட்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியை எண்ணிக் கொடுத்துவிடுவாள். நாளைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டால், "சாமி கண்ணைக் குத்தும்" என்பாள். அந்தப் பயத்தை நான் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்த்தா சாமான் வாங்குகிறீர்கள், தராசைப் பார்த்துத்தானே? நாத்திகனையும் அப்படியே பாருங்கள்.

அந்தத் தாலுகா ஆபீசுக்குத் தை மாதம் பட்டா மாறுதலுக்காக மறுபடி போனேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிவிட்டிருந்தார். இந்தத் தடவை ஜெராக்ஸ் கடைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.