தப்பு விலையும் தப்பிக்கும் புக்கியும்: வாசகர் கேள்வி-பதில்

பந்தயம் சட்டப்படி நடக்கும் வெளிநாடுகளில் இருப்பவர்களிடமிருந்தும் அங்கே போய் வருபவர்களிடமிருந்தும் இந்த முறை நிறையக் கேள்விகள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: புக்கி (பந்தயம் ஏற்கும் நிறுவனம்) தப்பாகப் போட்ட ஆட்ஸை, அதாவது பந்தய விலையை, எப்படிப் பிடிப்பது? பிடிப்பதைவிட, பிடித்த பணத்தைக் கையில் வாங்குவது கஷ்டம் என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் போகின்றன.

கேள்வி: எனக்குக் கால்பந்து அத்துப்படி. ஒரு ஆட்ஸ் பலவீனமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

கால்பந்து தெரிந்தால் நல்லது. ஆனால் முதலில் வேண்டியது வகுத்தல் கணக்கு. ஓர் ஆட்டத்தில் சொந்த மைதானத்து அணிக்கு 2.10, டிராவுக்கு 3.40, எதிரணிக்கு 3.60 என்று வைத்துக்கொள்ளுங்கள் (2.10 என்றால், ஒன்று கட்டி ஜெயித்தால் மொத்தம் 2.10 திரும்பி வரும்). ஒன்றை இந்த மூன்றாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் 104.8 சதவீதம் வரும். நூறுக்கு மேலே நிற்கும் 4.8 புக்கியின் மார்ஜின், அதாவது அவருடைய லாபப் பங்கு. அதை நீக்க, முதல் அணியின் 47.6-ஐ 104.8-ஆல் வகுத்தால் அது ஜெயிக்கும் வாய்ப்பு 45.4 சதவீதம், நியாயமான விலை 2.20.

இந்த 2.10 யார் போட்டது என்று பார்க்க வேண்டும். பெரிய தொகைகளையும் வாங்கிக்கொண்டு, வரும் பணத்தைப் பார்த்து விலையைத் திருத்திக்கொண்டே இருக்கும் பின்னக்கிள் மாதிரி இடமாகவோ, பெட்ஃபேர் போன்ற, பந்தயக்காரர்களே ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் எக்ஸ்சேஞ்சாகவோ இருந்தால் அந்த விலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் இன்னொரு புக்கி 2.35 கொடுத்துக்கொண்டிருந்தால், கட்டும் ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 6.8 உங்கள் பக்கம் சாய்கிறது. பலவீனமான ஆட்ஸ் என்பது இதுதான். உங்கள் மனதுக்குப் பிடித்த அணிக்கு நல்ல விலை கிடைப்பது வேறு விஷயம்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த லிசாண்ட்ரோ கௌனிட்ஸும் அவருடைய இரண்டு சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனதுதான். அணிகளைப் பற்றி அவர்கள் எதையும் ஆராயவில்லை. பல புக்கிகளின் ஆட்ஸைச் சராசரி எடுத்து, கூட்டத்திலிருந்து விலகி நின்ற விலையில் மட்டும் கட்டினார்கள். பழைய தரவில் லாபம் வந்தது, நிஜப் பணத்திலும் வந்தது. சில மாதங்களில் புக்கிகள் அவர்களுடைய கணக்குகளுக்கு லிமிட் (கட்டும் தொகைக்கு மேல் வரம்பு) போட்டார்கள்.

தேட வேண்டிய இடம் பெரிய லீக்கின் பெரிய ஆட்டம் அல்ல. சின்ன லீக்குகள், தனி வீரரின் ஷாட் எண்ணிக்கை, கார்னர் எண்ணிக்கை, இப்போதுதான் திறந்த சந்தை, இங்கெல்லாம் விலை தளர்வாக இருக்கும். புக்கிக்கும் அது தெரியும் என்பதால் அங்கே லிமிட்டும் சின்னதாக இருக்கும்.

கேள்வி: எந்த நாட்டில் கட்டினாலும் ஆட்ஸ் ஆட்ஸ்தானே?

இல்லவே இல்லை. மேலே சொன்ன 2.35-ஐயே ஜெர்மனிக்குக் கொண்டுபோவோம். அங்கே பந்தயத் தொகையின் மேல் 5.3 சதவீத வரி உண்டு. சில நிறுவனங்கள் அதைத் தாங்களே ஏற்கின்றன, சில நிறுவனங்கள் உங்களிடமே பிடிக்கின்றன. நீங்கள் தரும் நூறிலிருந்து வரி போனால் உண்மையில் விளையாடுவது கிட்டத்தட்ட 95. அப்போது 6.8 ஆக இருந்த சாதகம் 1.4 ஆக இளைத்துவிடும். விலை மாறவில்லை, அணிகளும் மாறவில்லை. சட்டம் மட்டும்தான் மாறியது.

பிரான்ஸில் புக்கிகள் மொத்தத்தில் எவ்வளவு திருப்பித் தரலாம் என்பதற்கே மேல் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே ஆட்ஸ் பொதுவாகவே ஒல்லி. பிரிட்டனில் 2001 அக்டோபரோடு பந்தய வரியை வாடிக்கையாளர் தலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் கட்ட முடியாது. அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அங்கே வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவர் ஜெயித்தால், வரி ஒப்பந்தம் ஏதும் காப்பாற்றாவிட்டால், 30 சதவீதம் பிடிப்பதுதான் பொது விதி. தோற்ற பந்தயங்களையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கு ஈடுகொடுக்கும் ஆட்ஸ் கிடையாது. அப்புறம் கார்டின் நாணய மாற்றுக் கட்டணம். போகும்போது இரண்டு சதவீதம், வரும்போது இரண்டு சதவீதம் என்றால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு புக்கிகளிடம் இரண்டு பக்கமும் கட்டினால் நஷ்டமே வராது என்கிறார்கள். உண்மையா?

காகிதத்தில் உண்மை. ஒரு டென்னிஸ் ஆட்டம். முதல் புக்கி ‘அ’ வீரருக்கு 2.10 தருகிறார், இரண்டாமவர் ‘ஆ’ வீரருக்கு 2.05. ஆயிரத்தை 494, 506 என்று பிரித்துக் கட்டினால் யார் ஜெயித்தாலும் 1037 வரும். இதைத்தான் ஆர்பிட்ரேஜ் என்கிறோம்.

இப்போது ‘ஆ’ முதல் செட் முடிந்ததும் காயத்தால் விலகுகிறார். ஆட்டம் முழுதாக முடிந்தால்தான் செல்லும் என்பது முதல் புக்கியின் விதி. ஆகவே உங்கள் 494 அப்படியே திரும்பி வருகிறது, லாபம் கிடையாது. ஒரு செட் முடிந்தாலே செல்லும் என்பது இரண்டாமவர் விதி. அங்கே ‘ஆ’ தோற்றதாகக் கணக்கு, 506 காலி. நஷ்டமே வராத பந்தயத்தில் பாதிப் பணம் போய்விட்டது. ஆட்ஸைப் படிப்பதற்கு முன்னால் விதிப் பக்கத்தைப் படியுங்கள். மழையில் சுருங்கும் கிரிக்கெட் ஆட்டத்திலும் இதே தொல்லை உண்டு.

கேள்வி: வெளிப்படையாகத் தப்பான விலையில் கட்டிவிட்டேன். புக்கி பணம் தரமாட்டேன் என்கிறார். தந்தாக வேண்டுமா?

எவ்வளவு தப்பு என்பதைப் பொறுத்தது. 2.20 இருக்க வேண்டிய இடத்தில் 2.35 போட்டால் அது புக்கியின் கருத்து, அவர்தான் சுமக்க வேண்டும். 2.20-க்குப் பதில் 22.0 என்று விழுந்தால், ‘வெளிப்படையான பிழை’ என்ற விதியைக் காட்டி ரத்து செய்வார், அல்லது சரியான விலையில் தீர்ப்பார். அந்த விதி எல்லாருடைய நிபந்தனைகளிலும் இருக்கும்.

2018 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒருவருக்கு, ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, டென்வர் பிராங்கோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி மேல் ஒன்றுக்கு 750 என்ற விலை விழுந்தது. 110 டாலர் கட்டினார், அணி ஜெயித்தது. 82,000 டாலருக்கு மேல் தர வேண்டிய ஃபேன்டூயல் என்ற பந்தய நிறுவனம் முதலில் மறுத்தது, ஊரெல்லாம் பேச்சானதும் கொடுத்துவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்திக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பெயர் கெடக் கூடாது என்று கொடுத்தது.

பிரிட்டனில் 2007 செப்டம்பருக்கு முன்னால் பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்கே போட முடியாது. இப்போது போடலாம். அதற்கு முன்னால் ஐபாஸ் என்ற நடுவர் அமைப்பு இருக்கிறது, புகாருக்குக் கட்டணம் இல்லை. கட்டிய நிமிடத்தின் ஸ்கிரீன்ஷாட், மற்ற புக்கிகளின் அப்போதைய விலை, இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: நாலு வாரம் ஜெயித்தேன். இப்போது ஒரு பந்தயத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் ஏற்க மறுக்கிறார்கள். நண்பர் பெயரில் கணக்குத் திறக்கலாமா?

வேண்டாம். நண்பர் பெயரில் நீங்கள் கட்டுவது நிபந்தனை மீறல். பணம் எடுக்கும் நேரத்தில் அடையாள ஆவணம் கேட்பார்கள், முகத்தைக் காட்டச் சொல்வார்கள், கணக்கோடு பணமும் மாட்டிக்கொள்ளும். நண்பரும் மாட்டுவார்.

லிமிட் போட்டது நீங்கள் ஜெயித்ததால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் போடுவார்கள். நீங்கள் கட்டிய பிறகு சந்தை விலை இறங்குகிறதா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். முறையான மாற்று எக்ஸ்சேஞ்ச். அங்கே எதிரில் இருப்பவர் இன்னொரு ஆள், நடத்துபவருக்கு ஜெயித்த தொகையில் கமிஷன், அதனால் உங்களை விரட்ட அவருக்குக் காரணம் குறைவு. ஆனால் இளிச்சவாய் விலையும் அங்கே அரிது. குதிரைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் குறிப்பிட்ட தொகை வரை புக்கி ஏற்றே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. மற்ற விளையாட்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: விபிஎன் போட்டு, இருக்கும் இடத்தை மறைத்து, வேறு நாட்டிலிருந்து கட்டுவதுபோல் கட்டினால்?

உள்ளே போகும் பணத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வெளியே எடுக்கும்போதுதான் எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். நீங்கள் நிற்கும் இடத்தின் சட்டம் அனுமதிக்காவிட்டால் அங்கிருந்து கட்டவே கட்டாதீர்கள்.

கேள்வி: மைதானத்திலேயே உட்கார்ந்து, டிவியில் வருவதற்கு முன்னால் கட்டினால் முந்திக்கொள்ளலாமே?

பழைய யோசனை. இதற்காக 2014 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் நடந்தபோது ஒருவரைக் கைது செய்து, பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். குற்றமோ இல்லையோ, டிக்கெட் நிபந்தனையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். நேரலைப் பந்தயத்தை ஏற்பதற்கு முன் புக்கிகள் சில விநாடிகள் நிறுத்தி வைக்கிறார்கள், அதற்குள் விலை ஓடிவிடும். போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாவில் ஆட்டம் தொடங்கிய பிறகு இணையத்தில் கட்டவே தடை, போனிலோ நேரிலோதான் முடியும்.

கேள்வி: கடன் வாங்கிப் பந்தயத் தொகையை ஏற்றினால் சீக்கிரம் தேறலாமா?

கூடாது. கேட்கத் தோன்றுகிறது என்றாலே கொஞ்ச நாள் கணக்கை மூடி வையுங்கள். முறையான எல்லாத் தளங்களிலும் அதற்கு வசதி உண்டு.

கேள்வி: நூறு பந்தயம் ஆகிவிட்டது, நஷ்டத்தில் இருக்கிறேன். என் முறை தப்பா?

நூறை வைத்துச் சொல்ல முடியாது. 2.00 விலையில் ஐந்து சதவீதம் உண்மையான சாதகத்தோடு கட்டுபவர்களில்கூட, நூறு பந்தயம் முடியும்போது நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். ஆயிரம் ஆனாலும் இருபதில் ஒருவர் நஷ்டத்திலேயே இருப்பார்.

அதனால் லாப நஷ்டத்தைப் பார்க்காமல் கடைசி விலையைக் குறித்து வையுங்கள். நீங்கள் 2.35-க்குக் கட்டினீர்கள், ஆட்டம் தொடங்கும் நொடியில் பின்னக்கிள் அல்லது எக்ஸ்சேஞ்ச் விலை என்ன? 2.15 என்றால் நல்ல விலையை வாங்கியிருக்கிறீர்கள், தோற்றிருந்தாலும் சரி. 2.50 என்றால் ஜெயித்திருந்தாலும் தப்பாக வாங்கியிருக்கிறீர்கள். நூறு வரியில் இந்த இரண்டு விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வரிகளில் கடைசி விலை உங்களுடையதைவிட உயர்ந்திருந்தால், புதிய பந்தயம் கட்டுவதை நிறுத்துங்கள்.