கொண்டைக்கடலையை ஏன் விட வேண்டும்?

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரி நாளிலிருந்து உங்கள் கதைகளை வாசிக்கிறேன். நான் பி.எஸ்சி. கணிதம். கல்லூரி மலரில் என் கவிதைகள் இரண்டு வந்திருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு ஈரோட்டில் இருக்கிறோம். மகன் யு.கே.ஜி. போகிறான், மகளுக்கு இரண்டரை வயது. இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். கணவர் நல்லவர், வீட்டு வேலையில் எனக்கு உதவி செய்வார்.

எழுத வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆனால் உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே இல்லை. சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, துணி துவைப்பது, தூங்க வைப்பது என்று நாள் போய்விடுகிறது. வெளியே போய் வந்தால்தானே அனுபவம் கிடைக்கும்? போன வாரம் பிடிவாதமாக நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சுண்டலுக்கு ஊறப்போட எடுத்துவைத்த கொண்டைக்கடலையில் ஒன்றைச் சின்னவள் மூக்கில் போட்டுக்கொண்டாள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, டாக்டர் என்னையே அவள் வாயில் ஊதச் சொல்லி... அதெல்லாம் விடுங்கள்.

என் கேள்வி இதுதான். எழுத வருகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா? உலக இலக்கியத்திலிருந்து தொடங்கலாமா? முதலில் சிறுகதை எழுதிப் பார்ப்பதா, நாவலா?

ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

நீ என்னைவிட இருபது வயதாவது சின்னவளாக இருப்பாய். நீ என்றே எழுதுகிறேன். எனக்கு வருகிற எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுத முடிவதில்லை. உன் கடிதம் வந்த நேரம் அப்படி. பத்து நாளாகப் பெரியாழ்வாரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவரை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நீ எழுத ஒன்றுமே இல்லை என்கிறாய்.

முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று இனி எனக்கு எழுதாதே. உன் வீட்டில் யாராவது உன்னைப் பற்றி அப்படிச் சொன்னால் சண்டை போடு. அப்புறம் அந்த ‘உதவி’. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிள்ளைகள், வேலை மட்டும் உன் வேலையா? 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான் அந்த 97. துடைப்பத்தையே தொடாதவர்கள் அதில் சேரவில்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு, அதில் 134-க்கு 76. 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 299-ஐயும் 97-ஐயும் எடுத்துக்காட்டித்தான் இல்லத்தரசியின் உழைப்பைப் பற்றிப் பேசியது. நீ கணிதம் படித்தவள். இந்தக் கழித்தலை உன் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடு. இதற்கு மேல் இதைப் பேச எனக்கு இப்போது மனமில்லை. எனக்குப் பேச வேண்டியது வேறு.

‘அதெல்லாம் விடுங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அது.

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். துளசி வனத்தில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் என்பார்கள். அவர் யசோதையாக மாறிப் பாடினார். என்ன பாடினார் என்று ஒருமுறை போய்ப் பார். பிள்ளைக்குப் பால் கொடுப்பது. காது குத்துவது. குளிப்பாட்டுவது. தலை வாருவது. பூச்சூட்டுவது. கண்ணேறு படாமல் காப்பிடுவது. நீ ‘நாள் போய்விடுகிறது’ என்று எழுதியிருக்கிற அதே நாள்தான், வேலை வேலையாக, வேலைக்குப் பத்துப் பாட்டு என்ற கணக்கில்.

குளிப்பாட்டுகிற பாட்டை எடுத்துக்கொள். பிள்ளை மேலெல்லாம் வெண்ணெய் நாற்றம், விளையாடிய புழுதி. ‘குணுங்கு’ என்று அந்த நாற்றத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார். இதோடு போய் இன்று ராத்திரி படுக்கையில் தேய்த்துக்கொண்டு கிடக்க விடமாட்டேன் என்கிறாள் அம்மா. எண்ணெயையும் அழுக்குத் தேய்க்கப் புளியையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன் தெரியுமா என்கிறாள். வரவில்லை. அடுத்து ஆசை காட்டுகிறாள். பாலில் வெல்லம் கலந்து அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன், தின்ன வேண்டுமானால் குளித்துவிட்டு வா. அதற்கும் வரவில்லை. கடைசியில் வெட்கப்பட வைக்கிறாள். உன்னை இந்தக் கோலத்தில், நீ கட்டிக்கொள்ளப்போகிற நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள். இன்று காலை உன் வீட்டுக் குளியலறை வாசலில் இந்த மூன்றில் எதைச் சொன்னாய்? ஒன்றையாவது சொல்லியிருப்பாய்.

இன்னொரு பாட்டு இருக்கிறது. தொட்டிலில் போட்டால் தொட்டில் கிழிய உதைக்கிறான், எடுத்து வைத்துக்கொண்டால் இடுப்பை முறிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். ‘மிடுக்கிலாமையால் நான் மெலிந்தேன் நங்காய்.’ உடம்பில் தெம்பில்லை, இளைத்துப் போனேனடி என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு தாய் சொல்கிறாள். முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் நான் இதைப் படித்தேன். விடிகாலை நான்கு மணி. படித்துவிட்டு அழுதேன். தெய்வத்தைப் பெற்றவளுக்கும் இடுப்பு வலித்திருக்கிறது.

இதைப் பாடியவர் ஓர் ஆண். அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தச் சொற்களை அவர் எங்கிருந்து எடுத்தார்? ஏதோ ஒரு திண்ணையில், ஏதோ ஒரு கிணற்றடியில், ஒரு பெண் நிஜமாகவே எண்ணெயும் புளியுமாகக் காத்திருந்தாள். நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள். அவள் தாலாட்டுப் பாடியிருப்பாள், அது யார் ஏட்டிலும் ஏறவில்லை. அவளும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, ‘அதெல்லாம் விடு’ என்றுதான் எழுந்து போயிருப்பாள். உன்னைப் போலவே. எனக்குக் கோபம் வருவது இதனால்தான் அம்மிணி.

பின்னால் வந்த புலவர்கள் இதைப் பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கணத்துக்குள் கொண்டுவந்தார்கள். பத்துப் பருவம். ஐந்தாம் மாதம் குழந்தை தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டினால் சப்பாணி. பதினோராம் மாதம் முத்தம். நிலாவை விளையாடக் கூப்பிட்டால் அம்புலி. எல்லாம் அழகு. ஆனால் இருபத்தோராம் மாதத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. உன் மகளுக்கு இப்போது முப்பது மாதம். மூக்கில் கடலை போட்டுக்கொள்கிற பருவத்தைப் பாட இதுவரை ஆள் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை முழுக்க வாந்தி எடுக்கிற பருவம், செருப்பை இடது வலது மாற்றித்தான் போடுவேன் என்று வாசலில் அரை மணி நேரம் உருள்கிற பருவம், இவையெல்லாம் யார் வேலை?

அந்தக் கடலைக்கு வருகிறேன். டாக்டர் உன்னைச் செய்யச் சொன்னதற்கு மருத்துவத்தில் பெயரே ‘தாயின் முத்தம்’தான். குழந்தையின் வாயோடு தாய் வாய் வைத்து, அடைபடாத மூக்கை விரலால் மூடிக்கொண்டு, ஒரே ஊது. உள்ளே போன காற்று அடைபட்ட மூக்கு வழியாகப் பொருளைத் தள்ளிக்கொண்டு வரும். பத்தில் ஆறு முறை போலப் பலிக்கும். (இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஹேர்பின், குச்சி என்று எதையும் விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். காய்ந்த கடலை மூக்கின் ஈரத்தில் ஊறி உப்பும், அதனால் நேரம் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.) நம் புலவர்கள் முத்தப் பருவத்தில், குழந்தையே ஒரு முத்தம் தா என்று விதவிதமாகக் கெஞ்சியிருக்கிறார்கள். அப்படிப் பாடிய ஒருவருக்கும் கிடைக்காத முத்தம் உனக்கு ஆஸ்பத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் கிடைத்திருக்கிறது. அதை அரை வரியில் எழுதிவிட்டு, உலக இலக்கியப் பட்டியல் கேட்கிறாய்!

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2003. சென்னையில் மழை பொய்த்து ஏரிகள் வறண்ட வருஷம். வீராணம் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்தது அதற்கடுத்த வருஷம்தான். எங்கள் தெருவுக்கு லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் இரண்டாவது மாடி. மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு ஏழு மாதம். லாரிச் சத்தம் கேட்டதும் மகளைத் தூளியில் போட்டேன். குக்கரில் பருப்பு ஏறியிருந்தது. மூன்று விசிலுக்குள் இரண்டு குடம் பிடித்து மேலே ஏறிவிடலாம். அந்த வருஷம் முழுக்க நான் நேரத்தை விசிலில்தான் அளந்தேன். மகனிடம், “பாப்பாவைப் பாத்துக்கோடா, அம்மா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறி வந்தால் கதவு திறக்கவில்லை. கீழ்த் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “பூதம் வராம பூட்டிட்டேம்மா. பாப்பாவைப் பாத்துக்கறேன்.”

போடத் தெரிந்தவனுக்கு எடுக்கத் தெரியவில்லை. நாலாவது விசில் வந்தது. தூளியில் மகள் எழுந்து அழ ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர் கடப்பாரை எடுத்து வந்துவிட்டார். கதவை இடித்தால் அதற்குப் பின்னால்தான் என் பிள்ளை நிற்கிறான். தள்ளி நில் என்றால் தள்ளிப் போவான், ஆனால் எங்கே போவான்? அடுப்படிக்குத்தான். அவனைக் கதவோடு ஒட்டி நிற்க வைக்கவும் வேண்டும், அழவிடவும் கூடாது. நான் தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் வாயை வைத்து, அந்தத் தாழ்ப்பாளுக்குள் ஒரு எலி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நீ பிடித்து இழுத்தது அதன் வால். வால் மடங்கிப் போனதால் எலி அழுகிறது, கேட்கிறதா? கேட்கிறது என்றான். எலிக்கு அம்மா எங்கே என்று கேட்டான். வாலை மேலே தூக்கிவிட்டால் அது அம்மாவிடம் போகும் என்றேன். எலி என்ன சாப்பிட்டது என்று கேட்டான். சொன்னேன். எலிக்குப் பாப்பா இருக்கிறதா என்று கேட்டான். அதையும் சொன்னேன். ஏழு விசில், எட்டு விசில். பதினொன்றோடு விசில் நின்றது. விசில் வருவதைவிட நிற்பதுதான் பயம், உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கரிகிற வாசனை கதவிடுக்கு வழியாக என் மூக்குக்கு வந்தது. என் குரல் மட்டும் மாறக் கூடாது. எலி, வால், மேலே, இப்போது இந்தப் பக்கம் இழு.

இழுத்தான். அடுப்பை அணைத்து, மகளைத் தூக்கி, அவனையும் மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. லாரி போய்விட்டது, மீதித் தண்ணீர் கிடையாது என்று நினைத்துக்கொண்டே பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குடங்கள், பச்சை நான்கும், தளும்பத் தளும்ப நிரம்பிப் படிக்கட்டோரம் வரிசையாக நின்றன. யார் பிடித்து வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினேன். “தாழ்ப்பாள் எலி. 11 விசில். பச்சைக் குடம் 4.” அவ்வளவுதான் எழுத முடிந்தது, தூங்கிவிட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் கறையோடு.

நான் அதுவரை படித்த புத்தகங்கள் அந்தக் கதவுக்கு முன்னால் எனக்குக் கைகொடுத்தனவா என்றால், இல்லை. பட்டியல் வேண்டுமானால் அப்புறம் தருகிறேன், படிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. சிறுகதையா நாவலா என்பதற்கெல்லாம் இப்போது அவசரமே இல்லை. நோட்டும் வேண்டாம். நோட்டை எடுத்தாலே பெரிதாக ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்குப் பயம் வந்துவிடுகிறது. உன் வீட்டிலும் காலண்டர் தொங்கும், தாள் கிழிப்பாய். அதன் பின்பக்கம் போதும்.

அடுத்த கடிதத்தில் எனக்கு இதை மட்டும் எழுது. எந்த மூக்கு? கடலை போனது உனக்கு எப்படித் தெரிந்தது, அவளே சொன்னாளா, தும்மினாளா? ஆஸ்பத்திரிக்கு எதில் போனீர்கள், பெரியவனை யாரிடம் விட்டீர்கள்? ஊதும்போது அவள் கண்ணைத் திறந்திருந்தாளா, மூடியிருந்தாளா? கடலை எங்கே போய் விழுந்தது? மறுநாள் அந்தச் சுண்டலைச் செய்தாயா?

அன்புடன்,
அக்கா