வைஃபையை அணைத்த அந்த ஒரு நிமிடம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஓராண்டாகச் செல்போனில் துப்பாக்கி விளையாட்டுதான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இரவு பதினொரு மணி வரை ஆடுகிறார்கள். 'சுடு, விடாதே, கொன்றுவிடு' என்று அவன் கத்துவது தெருவுக்கே கேட்கிறது. போன வாரம் சாப்பிட நான்கு முறை கூப்பிட்டும் வரவில்லை. வைஃபையை அணைத்துவிட்டேன். எழுந்து ஓடிவந்தவன் வழியில் நின்ற தங்கையைத் தள்ளிவிட்டான். கதவில் மோதி அவள் நெற்றி வீங்கிவிட்டது. அவன் அப்பா பெல்ட்டை எடுத்ததும்தான் அடங்கினான். 'இப்படியே விட்டால் நாளைக்குக் கத்தியைத் தூக்குவான்' என்கிறார் என் அண்ணன். அது உண்மையா? விளையாட்டை அடியோடு நிறுத்திவிடலாமா?"

அம்மா, முதலில் உங்கள் அண்ணனின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் சொல்லுக்கு நம் வீடுகளில் கனம் அதிகம். விளையாட்டு ஒன்றினாலேயே யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் நிலைப்பாட்டை மறுபடி தெளிவுபடுத்தியது: வன்முறை விளையாட்டுக்கும், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது, கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற கொடுமைகளுக்கு விளையாட்டைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 'தள்ளுவது' என்று படித்ததும் உங்களுக்குச் சின்னவளின் நெற்றி நினைவுக்கு வந்திருக்கும். அதனால் அந்தச் 'சிறிய' என்ற சொல்லைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் பிள்ளைகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. மொத்தம் 17,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர். இத்தகைய விளையாட்டுகளை ஆடியவர்களிடம் பிறகு அடிதடி சற்றுக் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை சாதுவாகவும் இன்னொன்று முரடாகவும் இருப்பதில் விளையாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு அந்தச் சிறு தொடர்பையும் காணவில்லை. அங்கே பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிச் சொன்னவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்தான்.

இவ்வளவு காலம் ஆராய்ந்தும் ஏன் இந்த இழுபறி? ஒரு காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒருவரை நிஜமாக அடிக்கச் சொல்ல முடியாதல்லவா? அதனால் விளையாடி முடித்தவரிடம், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரச் சாறு பரிமாறுவீர்கள் என்று கேட்டு, அந்த அளவை முரட்டுத்தனத்தின் அளவாக எடுத்துக்கொண்ட ஆய்வுகள் உண்டு. எதிராளியின் காதில் எவ்வளவு இரைச்சலைப் பாய்ச்சுகிறார் என்று அளந்தவையும் உண்டு. காரச் சோதனையை நம் ஊரில் வைத்தால் மீன் குழம்பு வைக்கிற பாட்டிகள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். 2011-ல், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதும், இந்த ஆய்வுகள் காரண காரியத்தை நிரூபிக்கவில்லை என்றே குறிப்பிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறோர் ஆய்வு. 2014-ல் சில உளவியலாளர்கள், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைக் கொஞ்சம் மாற்றினார்கள். அதில் துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, மனிதனே இல்லை. ஆடுகிறவர் எவ்வளவு முயன்றாலும் பொருந்தாத கட்டங்களே வந்து விழும்படி செய்தார்கள். ஆடியவர்கள் எரிச்சலின் உச்சிக்குப் போனார்கள். கோபத்தைக் கிளப்பியது கதையில் இருந்த வன்முறை அல்ல, 'என்னால் முடியவில்லை, என் கையைக் கட்டுகிறார்கள்' என்ற உணர்வு.

இப்போது அந்த இரவுக்குத் திரும்புவோம். உங்கள் மகன் ஆடுவது போன்ற விளையாட்டில் ஒரு தீவில் நூறு பேர் வரை இறங்குகிறார்கள். கடைசி வரை மிஞ்சும் அணிக்குத்தான் வெற்றி. மற்ற எல்லோருக்கும் தோல்வி. ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூட ஓடும். வீடியோவைப் போல நடுவில் நிறுத்திவைக்க முடியாது. நான்கு பேர் அணியில் ஒருவன் திடீரென்று மறைந்தால் மற்ற மூவர் மாட்டிக்கொள்வார்கள், மறுநாள் பள்ளியில் ஏச்சு நிச்சயம். நீங்கள் வைஃபையை அணைத்தது, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் கேரம் பலகையை நடு ஆட்டத்தில் கவிழ்த்தது போல. தங்கையைத் தள்ளியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன் தள்ளியது ஆடிக்கொண்டிருந்தபோது அல்ல, ஆட்டம் அறுந்த நிமிடத்தில். இந்த வித்தியாசம் மருந்தையே மாற்றிவிடுகிறது.

பெல்ட்டைப் பற்றியும் பேச வேண்டும். அதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பற்றிய 75 ஆய்வுகளை, 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை, 2016-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் கையால் அடி வாங்கும் பிள்ளைகளிடமும் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. விளையாட்டு ஆய்வுகளில் தெரியும் தொடர்பைவிட இது பெரியது. கோபம் வந்தால் பலசாலி கையில் கிடைத்ததை எடுக்கலாம் என்ற பாடத்தை உங்கள் மகன் எந்தத் தீவில் கற்றான் என்று உங்கள் கணவர் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் மனிதருக்கு வேறு வழி தெரியாமல் இருக்கலாம். ஆனால் இதை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் தடை செய்வது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டுக் கிணற்றைத் திட்டுவதுதான்.

அவன் கத்தும் சொற்கள் உங்களைப் பயமுறுத்துகின்றன. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் கிடப்பான். அவன் தொடை பிளக்கப்படும்; பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இதைப் பார்த்த தலைமுறைகள் நாம். அந்தக் குழந்தைக்கு இது கூத்து என்று தெரியும், பக்கத்தில் அம்மாவும் இருந்தாள். செல்போனில் நடப்பது கூத்து என்பது 13 வயதுப் பையனுக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை. ஹெட்செட்டுக்குள் முகம் தெரியாத யாரோ இருக்கலாம். எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் குரல்கள்தான். கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன, விளையாட்டின் கதையிலிருந்து அல்ல.

கூத்தில் அவன் பார்வையாளன், இங்கே விசையை அழுத்துபவன் அவனே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வயது முத்திரை இருக்கிறது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 18 வயது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அது உங்கள் வீட்டில் இருந்தால், பேச்சுவார்த்தையே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

மற்றபடி, அடியோடு நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டு உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. வன்முறைக்காகத் தடை செய்தார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தகவல் பாதுகாப்பும்தான். பையன்கள் என்ன செய்தார்கள்? அதே வகை விளையாட்டான ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2021 ஜூலையில் பப்ஜியே பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது. அரசாங்கத்தின் தடையையே சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு அம்மாவின் தடையைச் சுற்ற நண்பன் வீட்டுத் திண்ணை போதும்.

மணி நேரத்துக்குப் பதிலாக மேட்ச் கணக்கு வையுங்கள். பள்ளி நாளில் இரண்டு, அதுவும் வீட்டுப் பாடத்துக்குப் பிறகு, இரவு ஒன்பதுக்குள். ஒரு மேட்ச் முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கும் இடைவெளியில் போய் 'இதுதான் கடைசி' என்று சொல்லுங்கள். நடு ஆட்டத்தில் கூப்பிடாதீர்கள், வைஃபையில் கை வைக்காதீர்கள். அந்தக் கடைசி மேட்சுக்குப் பிறகும் நீட்டினால் மறுநாள் விளையாட்டு கிடையாது. இதைக் கோபமில்லாத ஒரு பொழுதில், முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள். முதல் வாரம் கட்டாயம் சோதித்துப் பார்ப்பான். சொன்னதைச் செய்யுங்கள், குரலை உயர்த்தாமல்.

ஆடும் இடம் கூடம். வாரத்தில் சில நாட்களாவது ஹெட்செட் இல்லாமல் ஆடட்டும். தெரியாதவர்களின் குரலை அடைக்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கிறது, அவனையே செய்து காட்டச் சொல்லுங்கள். 2022-ல் முடக்கப்பட்ட பிஜிஎம்ஐ 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் மகனின் கணக்கில் யார் வயது இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக அப்பாவின் வயதாக இருக்கும்!

இரவில் செல்போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும், வீட்டில் எல்லோருடையதும். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பதினொன்று வரை ஆடிவிட்டுக் காலையில் பள்ளிக்கு ஓடுகிறவன் மறுநாள் எரிந்து விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தங்கை விஷயத்தில் மட்டும் தளர வேண்டாம். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். 'விளையாட்டுக் கோபம்' என்ற சலுகை இதில் கிடையாது. மாலையில் அவனுக்கு ஒரு கூட்டமும் ஒரு ஜெயிப்பும் வேறெங்காவது கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பந்து உதைத்தால்கூடப் போதும். சிலம்பம் கற்றுக்கொடுக்கும் இடங்களும் நம் பக்கத்தில் உண்டு. அதுவும் அடிதடிதானே என்று உங்கள் அண்ணன் கேட்பார், கேட்கட்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? தங்கையையோ மற்றவர்களையோ திரும்பத் திரும்ப அடித்தால், நாய் பூனைகளை வதைத்தால், விளையாட்டில் பொருள் வாங்கப் பணம் திருடினால், பள்ளிக்கே போக மறுத்தால். செல்போனை எடுத்தால் 'செத்துவிடுவேன்' என்று சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டு அடிமை நிலை' 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அப்படிச் சொல்வோம். அந்த வரையறையில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. மிட்டாய் அடுக்கும் விளையாட்டுக்கும் அடிமையாகலாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மர் மனநல மருத்துவப் பிரிவிலோ காட்டலாம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வேலை தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் முழுவதும் பார்க்கட்டும். பிறகு, 'எனக்கும் சொல்லிக்கொடு' என்று செல்போனைக் கையில் வாங்கட்டும். இரண்டு நிமிடத்துக்குள் மாமாவை யாராவது சுட்டு வீழ்த்திவிடுவார்கள். அப்போது பையன் சிரிக்கிறானா, எரிந்து விழுகிறானா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.