பக்கத்தில் உட்காரப் பழகட்டும்

ஆச்சி, நீங்கள் எழுதியிருந்த நான்கு பக்கத்திலும் கேள்வி ஒன்றுதான். "பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, முழு நேரமும் வயலினில் போட்டுவிடலாமா?" அவனுக்கு 11 வயது. 6 வயதில் வில்லைத் தொட்டவன், காரைக்குடி, தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் மணிவிழா, சாந்தி, கும்பாபிஷேகம் எதற்கும் அவன் கச்சேரிதான் என்று பேராகிவிட்டது. அண்ணனுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரருக்கு, இப்போதே சென்னைக்கு வீடு மாற்றிவிட ஆசை. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை.

பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். சென்னையும் இப்போது வேண்டாம். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு அன்று உங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நான் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஆத்தங்குடிக் கல் தரையில் பாயை விரித்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்டு, ஹம்சத்வனியில் ஒரு கீர்த்தனை வாசித்தான். சுருதி சுத்தம். துரித காலத்தில்கூட ஒரு சுவரம் மழுங்கவில்லை. மெய்யாகவே அபூர்வமான கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடியும்போதும் அவன் கண் போனது வில்லின் மேல் இல்லை, அண்ணன் பிடித்துக்கொண்டிருந்த போனின் மேல். அப்புறம் நான் அப்பத்தாவை ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னேன், நினைவிருக்கிறதா? பையனிடம் "கூடவே வாசிப்பா" என்றேன். அப்பத்தா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தையெல்லாம் இவன் சுவரம் போட்டு நிரப்பினான். அவர் இழுத்த இடத்தில் இவன் முந்திப் போய்க் காத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கண்ணியில் வில்லை மடியில் வைத்துவிட்டு, "அப்பத்தா தாளத்துல நிக்கல" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கர்நாடக இசையில் வயலின்காரருக்கு முதல் தொழில் பக்கவாத்தியம், அதாவது பாடகருக்குத் துணையாக வாசிப்பது. தனிக் கச்சேரி வாய்ப்பு சிலருக்குத்தான். அதுவும் பேர் வந்த பிறகு. இன்று எல்லா சபாவிலும் நடக்கிற கச்சேரி முறையை வகுத்துக் கொடுத்தவர் நம் பக்கத்து ஊரான அரியக்குடியில் 1890 இல் பிறந்த ராமானுஜ ஐயங்கார். அந்த முறையில் பாடகர் ராகம் பாடி முடித்தால் வயலின் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிக்கும். ஒரே வரியைப் பல விதமாக விரிக்கும் நிரவலிலும், சுவரங்களைக் கற்பனையாகக் கோக்கும் கல்பனாஸ்வரத்திலும் மாறி மாறி வரும். பாடகர் அன்றைக்கு என்ன பாடப்போகிறார் என்பது மேடையில் உட்காரும் வரை தெரியாமலும் இருக்கும். அவர் குரல் ஒரு நாள் கம்மியிருக்கும், ஒரு நாள் பறக்கும். நிழல் மாதிரி கூடப் போய், தன் முறை வரும்போது மட்டும் தன்னைக் காட்டி, மறுபடியும் நிழலாகிவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த வயலின்காரரைத்தான் பாடகர்கள் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். வருமானம் அங்கேதான் நிலைக்கும்.

சிறு வயதிலேயே நட்சத்திரமாகிவிடும் பிள்ளை இதற்கு நேர் எதிரான பழக்கத்தில் வளர்கிறது. நடுவில் உட்கார்வது, எல்லோரும் தன்னையே பார்ப்பது. இப்போது விழும் கைதட்டலில் பாதி அவன் வயதுக்கு. 17 வயதில் அதே வாசிப்பை வாசித்தால் "நல்லா வாசிக்கிறாரு" என்பதோடு சரி. இந்த இறக்கம் எல்லாக் குழந்தை மேதைக்கும் வருகிறது. அதற்குள் வேறு எதைக் கற்று வைத்திருக்கிறான் என்பதுதான் அவன் பிழைப்பைத் தீர்மானிக்கும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் 1935 இல் நம் குன்றக்குடியில் பிறந்தவர். அப்பா ராமசாமி சாஸ்திரியிடம் பாடம். 12 வயதிலேயே அரியக்குடி, செம்மங்குடி மாதிரிப் பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். ஜனங்கள் அவரை நினைவில் வைத்திருப்பது தவிலோடு சேர்ந்து அவர் செய்த தனிக் கச்சேரிகளுக்காகவும் சினிமா இசைக்காகவும். ஆனால் பக்கவாத்தியத்தை விட்டு முழுக்கத் தனிக் கச்சேரிக்கு அவர் வந்தது 1976 இல். அப்போது அவருக்கு வயது 41. அதற்கு முன்னால் ஏறக்குறைய 30 வருஷம் இன்னொருவரின் குரலைக் கேட்டு வாசித்த காது அது. இன்னொரு வயலின் மேதை லால்குடி ஜெயராமனும் 12 வயதில் பக்கவாத்தியமாகத்தான் மேடையேறினார். குன்னக்குடியின் வீடியோக்களைக் காட்டி அண்ணன் பையனை வளர்ப்பது நல்லதுதான். அந்த 30 வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மேற்கத்திய வயலின் மேதை யெகுதி மெனுயின் 7 வயதில் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறி, 11 வயதில் நியூயார்க்கில் பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். வளர்ந்த பிறகு கை தடுமாறியது. சிறுவனாக இருந்தபோது தானாக வந்ததெல்லாம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வில் பிடிப்பதிலிருந்து, உடம்பை வைத்துக்கொள்வதிலிருந்து, எல்லாவற்றையும் அறிந்து மறுபடி கற்றுக்கொண்டார். 1952 இல் இந்தியா வந்தபோது பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகாசனம் படித்ததும் அந்தத் தேடலில் ஒரு பகுதி.

உடம்பு என்றதும் ஒன்று. பையன் வாசித்து முடித்ததும் இடது மணிக்கட்டை உதறிக்கொண்டான், கவனித்தீர்களா? அவன் கையில் இருப்பது முழு அளவு வயலின். சுண்டுவிரல் எட்டாமல் இழுபடுகிறது. பெரியவர்கள் வாசிப்பது மாதிரித் தெரியட்டும் என்று வாங்கியிருப்பீர்கள். இன்னும் ஒரு வருஷம் முக்கால் அளவில் வாசிக்கட்டும். குருவிடம் இந்த வாரமே கேளுங்கள். மணிக்கட்டு வலியோடு சாதகம் (பயிற்சி) பண்ண விடவே கூடாது.

சரி, வரவு செலவு பார்த்து ஐந்தொகை போடாமல் நம் ஊரில் எந்த முடிவும் எடுக்க மாட்டார்கள். வயலின்காரருக்கு வரவு நாலைந்து வழியில் வரும். பக்கவாத்திய சன்மானம் ஆரம்பத்தில் குறைவு. அதுவும் மார்கழியில் குவிந்து, மற்ற மாதங்களில் வற்றும். சொல்லிக் கொடுப்பது நிதானமான வரவு. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுத்துக் குடும்பம் நடத்துகிற இளைஞர்கள் இன்று பலர். ரெக்கார்டிங் போக வேண்டுமென்றால் மேற்கத்திய நொட்டேஷன் (இசைக் குறியீடு) பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும். தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்க்கும் நம் சுருதி மட்டும் போதாது. இப்போது கம்ப்யூட்டரிலேயே தந்தி வாத்தியச் சத்தம் எடுத்துவிடுவதால் அந்த வேலையும் முன்போல் இல்லை. மாதச் சம்பளம் என்றால் இசைக் கல்லூரி, மாவட்ட அரசு இசைப்பள்ளி, பள்ளி இசை ஆசிரியர், வானொலி நிலையம். இதில் பெரும்பாலானவற்றுக்குப் படிப்புச் சான்று கேட்பார்கள்.

அதனால்தான் பள்ளிக்கூடம். வயலின் மேதை எல். சுப்பிரமணியம் சிறு வயதிலேயே மேடை கண்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, அப்புறம் கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையில் மேற்படிப்பும் படித்தார். உங்கள் பையன் டாக்டராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளஸ் டூ முடிக்கட்டும். பிறகு மதுரை அரசு இசைக் கல்லூரியோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, வேறு பட்டப்படிப்போ, அவன் விருப்பம். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இசை படிப்பது உங்கள் குடும்பத்துக்கும் பெருமையாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் கலாசார வளங்கள், பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. 10 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பள்ளி மாணவர்களுக்குக் கலை உதவித்தொகை தருகிறது. பையனுக்கு இதுதான் சரியான வயது. பணம் பெரிதில்லை, தெரியாத நடுவர்களுக்கு முன்னால் வாசித்துத் தேறுவது பெரிது. 18 வயதானதும் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது, மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 வருஷம். வானொலி ஆடிஷனும் அந்த வயதை ஒட்டித்தான். பி கிரேடில் தொடங்கி, பி ஹை, ஏ, டாப் என்று மேலே போகும். கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் இன்றும் அந்தக் கிரேடைக் கேட்கிறார்கள்.

அண்ணனிடம் கோபிக்காமல் சொல்லுங்கள்: மாதத்துக்கு ஒரு மேடை போதும். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்குடியில் பாட்டுப் படிக்கிற பெரிய பிள்ளைகள் யாராவது சாதகம் பண்ணும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். கூட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். குருவிடம் அவனுக்கு வாய்ப்பாட்டும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கக் கேளுங்கள். பாடத் தெரியாத வயலின்காரருக்குப் பாடகரின் மூச்சு எங்கே நிற்கும் என்று பிடிபடாது.

அப்புறம், தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் அப்பத்தா தாலாட்டுப் பாடட்டும். அவர் நிற்கிற இடத்தில் அவன் நிற்கட்டும், அவர் இழுக்கிற இடத்தில் இழுக்கட்டும். அந்த நேரத்தில் போன் உள்வீட்டில் இருக்கட்டும். தை பிறந்ததும் என்னிடம் கூட்டி வாருங்கள், அப்பத்தாவையும் சேர்த்து.