தாத்தாவின் பச்சை ரிப்பன் பதக்கம் எங்கிருந்து வந்தது?

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தாத்தா ராணுவத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் உலகப்படம் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்று கிடைத்தது. ரிப்பன் பச்சை, ஓரங்களில் நீலம். பெயர் எதுவும் இல்லை. போலியா? புளி போட்டு விளக்கி, சுதந்திர தினத்தன்று மகன் சட்டையில் குத்தி அனுப்பலாமா?"

முதலில், தயவுசெய்து புளி வேண்டாம். பிராஸோ மாதிரி உலோக பாலிஷும் வேண்டாம். தேய்த்தால் எழுத்துகள் மழுங்கும், ரிப்பன் சாயம் போகும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

அது போலி என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுப் பதக்கங்களின் விளிம்பில் பொதுவாக வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், ஐ.நா. பதக்கம் பெயரில்லாமல்தான் வரும். வட துருவத்தை நடுவில் வைத்த உலகப்படம், சுற்றிலும் ஆலிவ் கிளைகள்: 1946-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. சின்னம் அது. பெரும்பாலான ஐ.நா. பணிகளுக்கு ஒரே உலோக வில்லைதான் என்பதால், எந்த நாடு என்று சொல்வது ரிப்பன். நீங்கள் சொல்லும் நிறங்களோடு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடும் இருந்தால், அது காங்கோவில் ஐ.நா. அமைதிப் படைப் பணிக்குக் (1960–64) கொடுத்தது. பச்சை, புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் நம்பிக்கையையும் காங்கோ ஆற்றுப் படுகையையும் குறிக்கிறது. 1963-க்கு முன் இதே பணிக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரிப்பன்தான், மேலே 'காங்கோ' என்ற பட்டையுடன். காஸா, சினாய் போனவர்களுக்கு மணல் நிறம்.

அமைதிப் படைதானே என்று யாராவது லேசாகப் பேசினால் நம்பாதீர்கள். கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா பரம்வீர் சக்ரா பெற்றது 1961 டிசம்பரில் இதே காங்கோவில் உயிர்கொடுத்துத்தான்.

சரி, மகன் அணியலாமா? இடது மார்பு, பதக்கம் வாங்கியவருக்கு மட்டுமே உரியது. போர் நினைவிட அஞ்சலி போன்ற நிகழ்ச்சிகளில் வாரிசுகள் வலது மார்பில் அணிவதுண்டு. பள்ளி விழாவுக்குக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள் என்பேன். சீருடைச் சின்னம் வெறும் அலங்காரமில்லை என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 1806-ல் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழ, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையும் ஒரு காரணம்.

அப்புறம், தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கை (ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பதிவுப் புத்தகம்) தேடுங்கள். வாங்கிய பதக்கங்கள் அதில் பதிவாகியிருக்கும். அது தொலைந்திருந்தால் அவருடைய ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம். அவருடைய படை எண் (சர்வீஸ் நம்பர்) அவசியம். அந்த எண் வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், பெட்டியிலுள்ள மற்றப் பதக்கங்களின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.